வினாச்செருகியும் பதினாறு நாள் நாற்றும்

வாசகர்களே, மனித குலத்தில் வினாச்செருகி என்றோர் இனம் உண்டு. உயிரியல் நூல்களில் தேட வேண்டா, கிடைக்காது. உங்கள் அலுவலகத்தில் தேடுங்கள். அநேகமாக அடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பார். நாம் எதையேனும் பார்த்துக்கொண்டோ கேட்டுக்கொண்டோ நிம்மதியாக இருக்கையில், அந்த நிம்மதி பொறுக்காமல் நடுவே ஒரு வினாவைக் கொண்டுவந்து செருகி, அதற்கு விடை வரும்வரை உலகத்தையே நிறுத்தி வைப்பவர் எவரோ அவரே வினாச்செருகி. முற்காலத்தில் இவரிடம் ஆயுதம் ஏதுமில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக அமர்ந்து, தாம் காசிக்குப் போன கதையைச் சாம்பாரில் தொடங்கி, ரசம் வரும் வேளையில், "அப்ப ரயிலு எந்த ஊர்ல நின்னிருக்கும்? சொல்லுங்க பாப்போம்" என்று நம் முகத்தையே பார்ப்பார். நாம் அப்பளத்தை நொறுக்குகிற சாக்கில் தப்பித்துக்கொள்ளலாம். இப்போது தப்ப முடியாது. அவர் கையில் கணினியைக் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வினத்தின் குறையற்ற மாதிரியாகத் தியாகேசனை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் பயிற்சி நிறுவனத்தில் அவர் பாடப் பொறுப்பாளர். உழவுக்குப் புதிதாக வந்திருக்கும் இயந்திரங்களைப் பற்றிப் படமெடுத்து, அதைக் கைப்பேசிகளுக்கு அனுப்பி, பார்த்து முடித்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்குவது அந்நிறுவனத்தின் பணி. தியாகேசன் நல்ல மனிதர். எவரையும் கடிந்து பேசமாட்டார். பேருந்தில் முதியவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பார். கொடுத்த பிறகு, அடுத்து வரும் நிறுத்தம் எதுவென்று மட்டும் அவர்களைக் கேட்பார். வீட்டிலும் அப்படியே. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, அலுவலகத்தில் நேற்று நடந்ததை மனைவி மங்களாம்பிகையிடம் விவரித்துவந்து, சட்டென்று நிறுத்துவார்.

"இப்ப மேலதிகாரி என்ன சொல்லியிருப்பார்? சொல்லு பாப்போம்."

"நேரமாச்சு, கெளம்புன்னு சொல்லியிருப்பார்."

"தப்பு. இன்னொரு வாய்ப்புத் தர்றேன்."

மங்களாம்பிகை இருபத்தாறு ஆண்டுகளாக இன்னொரு வாய்ப்பைப் பெற்றுக்கொண்டே இருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படங்களுக்குள் வினாவைச் செருகும் வழக்கம் தியாகேசனுக்கு ஒரு காயத்தின் வழியாகத்தான் வந்தது. இயந்திர நடவைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு படமெடுத்து, வல்லுநர் ஒருவர் எழுதித் தந்ததைத் தம் சொந்தக் குரலிலேயே வாசித்து, ஊர் ஊராக அனுப்பியிருந்தார். பெற்றவர்கள் அத்தனை பேரும் முழுப் படத்தையும் பார்த்து முடித்ததாகக் கணினி சொல்லிற்று. ஒரு வாரம் மிதந்தார். அடுத்த வாரம் திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு எதேச்சையாகப் போனார். தவிட்டுத் தொட்டியின் மீது சாய்த்து வைத்திருந்த கைப்பேசியில் அவருடைய படம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மாள் அதற்கு முதுகு காட்டி அமர்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். மாடு மட்டும் திரையைப் பார்த்தவாறு அசை போட்டது. பயிற்சி பெற்றது யார்? மாடு. சான்றிதழ் யாருக்குப் போகும்? சொல்ல வேண்டியதில்லை.

அன்றோடு தியாகேசன் மாறினார். முதலில் படத்தின் முடிவில் மூன்று வினாக்களை வைத்தார். பிறகு நடுவில் ஒன்று. பிறகு, கவனம் சிதறும் இடங்கள் எவை என்று தாமே ஓர் ஆராய்ச்சி செய்து, எல்லா இடங்களிலும் சிதறுகிறது என்று கண்டுபிடித்து, நாற்பது நொடிக்கு ஒன்றாகப் பதினெட்டு வினாக்களைச் செருகினார். ஒவ்வொன்றுக்கும் அ, ஆ, இ, ஈ என நான்கு விடைகள். சரியானதை அமுக்கினால் கைதட்டல் ஒலிக்கும். தவறானதை அமுக்கினால் தியாகேசனுடைய குரலே கனிவோடு, "சற்றே சிந்தியுங்கள்" என்று சொல்லும். மூன்று முறை தவறினால் பாடம் பூட்டிக்கொள்ளும். ஒரு முழு நாள் கழித்துத்தான் திறக்கும். அந்த ஒரு நாளில் மாணவர் சிந்திப்பார் என்பது தியாகேசனின் நம்பிக்கை.

பதினெட்டு வினாவுக்கு எங்கே போவது? அவரிடம் வினா வங்கி ஒன்று இருந்தது. பழைய பாடங்களில் கேட்டவை, கேட்க நினைத்து விட்டவை என நானூற்றுச் சொச்சம் வினாக்கள் அதில் கிடந்தன. நாற்றின் வயது பற்றிய ஒரு வினாவைக் கை நடவுப் பாடத்திலிருந்து விடையோடு அப்படியே பெயர்த்தெடுத்து, இயந்திர நடவுப் படத்தில் ஏழாவதாக நட்டார். படங்களைத் தொகுத்துத் தருபவரான அப்சர் அப்போதே கேட்டார்:

"சார், ஒருவாட்டி படத்தோட ஒத்துப் பாத்துக்கலாமா?"

"படம் நான் பேசினதுதானேப்பா? எனக்குத் தெரியாதா?"

வினாச்செருகியின் இலக்கணமே இதுதான். வினா கேட்பவர் படம் பார்ப்பதில்லை.

இப்போது குத்தாலத்துக்கு வருவோம். அதன் சுற்றுவட்டத்தில் நாற்பத்திரண்டு பெண்கள் இப்பாடத்தில் சேர்ந்திருந்தார்கள். அவர்களுள் நாற்பத்தொருவர் ஒரே வாரத்தில் பதினெட்டுக்குப் பதினெட்டு வாங்கித் தேறினார்கள். தியாகேசனுக்கு மெய்சிலிர்த்தது. வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். நாற்பத்திரண்டாவது பெண்ணும் தேறிவிட்டால் நூற்றுக்கு நூறு என்று சுவரிலே எழுதி வைக்கலாம். அந்த நாற்பத்திரண்டாவது பெண்தான் ராஜாத்தி. ஏழாவது வினாவிலேயே அவர் நின்றுகொண்டிருந்தார்.

ராஜாத்தி தம் ஊர் மகளிர் குழுவின் நடவு இயந்திரத்தை ஓட்டுபவர். குழுவில் எவர் வேண்டுமானாலும் பாடம் படிக்கலாம். ஆனால் ஓட்டுபவர் தேறினால்தான் குத்தாலத்து வாடகை மையத்தில் இயந்திரத்தின் சாவியைத் தருவார்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால், பட்டியலில் அடுத்திருக்கும் ஊருக்கு இயந்திரம் போய்விடும். திரும்பி வரப் பத்து நாள் ஆகும். இவர்களோ ஆறு ஏக்கர் குறுவைக்கு, இயந்திர நடவுக்கென்றே பாய் நாற்றங்கால் விட்டிருந்தார்கள். நாற்று நமக்காகக் காத்திருக்குமா? அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தியாகேசனின் கைப்பேசி ஒலித்தது.

"சார், குத்தாலம் பக்கத்துலேருந்து ராஜாத்தி பேசுறேன். ஏழாவது கேள்வில பூட்டிக்கிச்சு சார்."

"எத்தனை தடவை தப்பா பதில் சொன்னீங்கம்மா?"

"ஒரு தடவைகூடத் தப்பாச் சொல்லலை சார். திங்கக்கெழமை மூணு தடவை சரியாச் சொன்னேன், பூட்டிக்கிச்சு. நேத்து சாயந்திரம் தெறந்துச்சு. திரும்பவும் மூணு தடவை சரியாச் சொன்னேன். திரும்பவும் பூட்டிக்கிச்சு."

தியாகேசன் பொறுமையாகப் பட்டியலைத் திறந்து பார்த்தார். நடவுக்கு நாற்றின் வயது என்ன? ராஜாத்தியின் விடை, 'ஆ', பதினாறு நாள். சரியான விடை, 'ஈ', இருபத்தைந்து நாள்.

"நாப்பத்தோரு பேர் சரியாச் சொல்லியிருக்காங்களேம்மா."

"அவங்க படத்துக்குச் சொன்னாங்க சார். நான் வயலுக்குச் சொன்னேன்."

"சரி, இப்ப உங்க நாத்துக்கு வயசு என்ன?"

"இன்னியோட பதினாறு."

"அப்ப இன்னும் ஒம்பது நாள் இருக்கே. ஏன் பதற்றப்படுறீங்க?"

ராஜாத்தி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சார், நீங்க ஒரு நடை நேர்ல வந்துட்டுப் போயிடுங்க."

மந்தமான மாணவி; தனிக் கவனம் தேவை என்று தியாகேசன் குறித்துக்கொண்டார். அப்சர் பையை எடுத்துக் கொடுத்தார். "போயிட்டு வாங்க சார். ஆனா அங்க எதுவும் கேக்காதீங்க. பாத்துட்டு மட்டும் வாங்க."

கும்பகோணத்தில் பேருந்து மாறி, குத்தாலத்தில் இறங்கி, ராஜாத்தியின் கணவருடைய இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து தியாகேசன் வயலுக்கு வந்துசேர்ந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. பரம்படித்துச் சமன் செய்த வயல் கண்ணாடிபோல் கிடந்தது. அதன் ஓரத்தில் நெகிழித்தாளின்மேல் பச்சை நாற்றுப் பாய்கள் வரிசையாக விரிந்திருந்தன. மோட்டார்க் கொட்டகையின் நிழலில் ஏழெட்டுப் பெண்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் மூத்தவரான காத்தாயி வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வணக்கம்மா, நான்தான் தியாகேசன்" என்றதுமே காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடியே, கொரலைக் கேட்டீங்களா? இவருதாண்டி சற்றே சிந்தியுங்கள்."

பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். தியாகேசனும் ஏதோ பாராட்டு என்றெண்ணிச் சிரித்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சார்" என்றார் காத்தாயி. "எங்க ஊர்ல ஆடு வேலி தாண்டுனாகூட இதைத்தான் சொல்றது. சட்டுன்னு நின்னுடுது."

ராஜாத்தி சிரிக்கவில்லை. மணியைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்றுப் பாயை உள்ளபடியே பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார். அடியில் வெள்ளை வேர் பின்னலிட்டிருந்தது.

"இதுதான் சார் பக்குவம். இன்னும் ரெண்டு மூணு நாள் போனா வேர் முறுக்கிக்கும். மெஷினோட வெரலு கிள்ளி எடுக்காது, பிச்சுப் போட்டுடும். இருபத்தஞ்சு நாள்ங்கறது நாங்க கையால நடுற நாத்துக்கு."

"அப்படின்னா மத்த நாப்பத்தோரு பேரும் எப்படி...?"

"சார், உங்க படத்தை நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான்தானேம்மா பேசியிருக்கேன்."

"பேசுனீங்க. பாத்திருக்கீங்களா?"

தியாகேசன் கைப்பேசியை எடுத்தார். தாம் ஆக்கிய பாடத்தை ஒரு மாணவராக அமர்ந்து பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. நாற்பதாவது நொடியில் படம் நின்றது. முதல் வினா திரைக்கு வருமுன்னரே அவர் காதருகில், "ஈ" என்றது ஒரு குரல். காத்தாயி.

"எப்படிம்மா தெரியும்?"

"பாட்டு இருக்குல்ல."

"என்ன பாட்டு?"

காத்தாயி கூச்சப்பட்டார். மற்றவர்கள் இடித்துத் தூண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்று நடும்போது பாடுகிற அதே மெட்டில் பாடிக்காட்டினார்:

"ஒண்ணுக்கு ஈயடி, ரெண்டுக்கு ஆவடி, மூணுக்கும் ஆவடியோ... நாலுக்கு அன்னாவே, அஞ்சுக்கு இன்னாவே, ஆறுக்கும் இன்னாவடியோ... ஏழுக்கு ஈயடி..."

காத்தாயிதான் முதலில் தட்டித் தடவிப் பதினெட்டையும் கண்டுபிடித்தவர். அதைப் பாட்டாகக் கட்டி வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தாமதம், நாற்பது பேரும் ஏர் பூட்டாமல் அறுவடை செய்துவிட்டார்கள். படம் ஓடுகையில் எவரும் படத்தைப் பார்க்கவில்லை. எப்போது நிற்கும் என்று பார்த்தார்கள். நின்றதும் பாடினார்கள். அமுக்கினார்கள். கைதட்டல் வாங்கினார்கள். முன்பு மாடாவது பார்த்தது.

ராஜாத்தியிடமும் பாட்டு வந்து சேர்ந்தது. ஏழாம் அடியில் காத்தாயி அக்கா தவறிவிட்டார் என்று நினைத்துத் திருத்தி அமுக்கினார். அங்கே வந்தது வினை.

தியாகேசன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏழாவது வினாவுக்கு வந்தார். இருபத்தைந்து நாள் என்பதை அமுக்கினார். கைதட்டல் ஒலித்தது. சற்றே தெம்பு வந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று தாண்டி, படத்தின் ஒன்பதாவது நிமிடத்தில், அவருடைய சொந்தக் குரலே அந்த வயற்பரப்பில் தெளிவாக ஒலித்தது: "பாய் நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பதினான்காம் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாளுக்குள் நட்டுவிட வேண்டும். அதற்குமேல் இயந்திர நடவுக்கு அது உதவாது."

உடனே படம் நின்று பதினான்காவது வினா வந்தது. இயந்திரத்தின் மூடி என்ன நிறம்?

எவரும் சிரிக்கவில்லை. ராஜாத்தி கேட்டார்: "கைதட்டுற சார் பேச்சைக் கேக்கவா, இந்த சார் பேச்சைக் கேக்கவா?"

தியாகேசன் வரப்பில் தள்ளிப் போய் நின்று அப்சரை அழைத்தார். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. எல்லாப் பெண்களும் கவனித்தார்கள்.

"மாத்திடலாம் சார், ரெண்டு நிமிஷ வேலை" என்றார் அப்சர். "பூட்டும் தானா தெறந்துக்கும். ஆனா விடையை மாத்தினா, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லாரோட தேர்ச்சியும் அழிஞ்சிடும். நாப்பத்தொண்ணும் போயிடும். நாளன்னைக்கிச் சென்னையிலேருந்து வர்றாங்க, ஞாபகம் இருக்குல்ல?"

"பூட்டை மட்டும் தெறக்க முடியாதா?"

"முடியும். அந்தம்மா இருபத்தஞ்சுன்னு அமுக்கணும்."

தியாகேசன் திரும்பி வந்தார். குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டார். "ராஜாத்திம்மா, ஒரே ஒரு தடவை. பேருக்கு இருபத்தஞ்சுன்னு அமுக்கிடுங்களேன். நாலு மணிக்குள்ள சாவி கைக்கு வந்துடும். அப்புறம் நீங்க பதினாறுலயே நட்டுக்குங்க. யாரு கேக்கப் போறா?"

ராஜாத்தி நாற்றுப் பாய்களைப் பார்த்தார். வாடகை மையம் இருக்கும் திசையைப் பார்த்தார். ஆறு ஏக்கரையும் பார்த்தார்.

"அமுக்கத் தெரியாமலா சார் ரெண்டு நாளா நிக்கிறேன்? மெஷினை ஓட்டுறவ நான். நாளைக்கி எவனாவது இருபத்தஞ்சு நாள் நாத்தைக் கொண்டாந்து போட்டு, நீ இப்படித்தானே பாஸ் பண்ணுனே, நடுன்னு நின்னான்னா நான் என்ன சொல்றது? நடவு பாழாப் போனா பாடத்தையா திட்டுவாங்க? என்னையத்தான் திட்டுவாங்க."

மணி மூன்றேகால். தியாகேசனுடைய கண்முன்னால் மருந்துக்கடை மாடியின் சுவரும், அதில் எழுதவிருந்த நூற்றுக்கு நூறும், சென்னை அதிகாரிகளின் முகங்களும் வரிசையாக வந்து போயின. காத்தாயி அவரைக் கனிவோடு பார்த்து, அவர் குரலிலேயே சொன்னார்: "சற்றே சிந்தியுங்கள் சார்."

தியாகேசன் சிந்தித்தார். பிறரைச் சிந்திக்கச் சொல்லியே பிழைத்த மனிதருக்கு அது சற்றுப் புதிய வேலையாதலால் நேரம் பிடித்தது. பிறகு கைப்பேசியை எடுத்து, "மாத்திடு அப்சர்" என்றார்.

இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் பாராட்டிவிடுவோம். இனி வாய்ப்பு வராது.

"அடப் பாவமே, அப்ப நாங்கள்லாம் பெயிலா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் பதறிற்று.

"எதுக்குடி பதறுறே?" என்றார் காத்தாயி. அங்கேயே கைப்பேசியை வாயருகில் வைத்து, "ஏழுக்கு ஆவடி" என்று அந்த ஓரடியை மட்டும் மாற்றிப் பாடி அனுப்பினார். மாலை ஐந்து மணிக்கு நாற்பத்தொருவரும் மறுபடி பதினெட்டுக்குப் பதினெட்டு. ராஜாத்தி நாலேகாலுக்கே முடித்து, நாலே முக்காலுக்குச் சாவியோடு மையத்தின் வாசலில் நின்றார்.

தியாகேசன் பேருந்தில் திரும்பினார். என்ன பாடம் கற்றார் என்று கேட்கிறீர்களா? வினாக்கள் போதவில்லை என்று கற்றார். பேருந்து கும்பகோணம் வருமுன்னரே பத்தொன்பதாவது வினாவை எழுதி முடித்தார். 'இப்பாடத்தின் வினாக்களுள் ஏதேனும் தவறு உள்ளதா?' ஆம் என்று அமுக்கினால் என்ன ஒலிக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடலாம்.

மறுநாள் காலையில் மறுபடியும் குத்தாலம் வந்தார். ராஜாத்தி நடுவதைப் படமெடுத்து, இடையிடையே வினாக்களைச் செருக வேண்டும் என்பது திட்டம். இயந்திரம் வயலில் இறங்கிற்று. ராஜாத்தி இருக்கையில் அமர்ந்து, நாற்றுப் பாய்களைத் தட்டில் ஏற்றி ஓட்ட, பின்னால் பச்சைக் கோடுகள் பிசகில்லாமல் விழுந்துகொண்டே வந்தன. தியாகேசன் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி, இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக்கொண்டு கூடவே நடந்தார்.

"ஒரு குத்துல எத்தனை நாத்தும்மா விழுது? வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி? சேத்துல தண்ணி எத்தனை சென்டிமீட்டர்?"

ராஜாத்தி முனைக்குப் போய் வண்டியைத் திருப்பினார். அவரைப் பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தினார்.

"சார், ஒரு கேள்வி."

தியாகேசன் முகம் மலர்ந்தார். அவரை எவரும் வினா கேட்டதில்லை.

"கேளுங்கம்மா."

"நீங்க இப்ப நிக்கிறது எங்க? அ, வரப்பு. ஆ, வாய்க்கா. இ, ரோடு. ஈ, நான் இப்பத்தான் நட்டுட்டு வந்த நாத்து."

தியாகேசன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அ" என்றார்.

வரப்பிலிருந்த காத்தாயி எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டியதில்லை. ஊர் முழுவதற்கும் கேட்டது. இரண்டு ஆடுகள்கூட நின்று திரும்பிப் பார்த்தன. தியாகேசன் அப்போதுதான் குனிந்தார். வந்த வழி நெடுகிலும் நாற்றுக்கு நடுவே அவருடைய கால் தடங்கள் சீரான இடைவெளியில், வரிசை தவறாமல், ஏறத்தாழ இயந்திரத்தின் நேர்த்தியோடு பதிந்திருந்தன.

அவ்வளவுதான், வாசகர்களே. இதைப் படித்துவருகையில் ஏழாவது வினாவின் சரியான விடை, பதினாறு நாள் என்று அல்லாமல், 'ஆ' என்று மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டீர்களானால், நீங்கள் அந்த நாற்பத்தொருவரில் ஒருவர். கவலைப்பட ஒன்றுமில்லை, கூட்டம் பெரிது. படித்து முடித்ததும் பக்கத்திலிருப்பவரைத் தட்டி, இந்தக் கதையை நடுவரை சொல்லி, "அப்ப அந்தம்மா என்ன சொல்லியிருப்பாங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்க உங்கள் நாக்குத் துடிக்கிறதா? தாராளமாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒரே ஒரு முறை குனிந்து, எங்கே நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.